சில்லினுள் இணைப்புக் கம்பிகள்: சமிக்ஞைத் தாமதத்தையும் கம்பிச் சிக்கலையும் குறைத்தல்

சில்லினுள் இணைப்புக் கம்பிகள் என்பவை, ஓர் ஒருங்கிணைந்த சுற்றுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்களையும் அவற்றால் ஆன பகுதிகளையும் ஒன்றோடொன்று இணைக்கும் நுண்ணிய உலோகத் தடங்கள் ஆகும். இன்றைய சில்லு ஒன்றில் பல நூறு கோடி டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. அவற்றுக்கு மேலே பத்துக்கும் மேற்பட்ட உலோக அடுக்குகளில் இக்கம்பிகள் பின்னிக் கிடக்கின்றன. ஒரு காலத்தில் சில்லின் வேகத்தை டிரான்சிஸ்டரே தீர்மானித்தது. இப்போது பெரும்பாலும் கம்பியே தீர்மானிக்கிறது. இந்த மாற்றம் ஏன் நேர்ந்தது, தாமதத்தையும் கம்பிகளின் சிக்கலையும் குறைக்கப் பொறியாளர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்தக் கம்பிகளை மனத்தில் காண்பதற்காக, கடலூர் மாவட்டத்தின் வாய்க்கால்களும், கடலூர்–சிதம்பரம் ரயில் பாதையும், சிதம்பரத்தின் தேர் வீதிகளும் எடுத்துக்காட்டாகப் பயன்படுத்தப்பட்டுள்ளன.

வரலாறு

1958ஆம் ஆண்டில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் ஜாக் கில்பி முதல் ஒருங்கிணைந்த சுற்றைச் செய்து காட்டினார். அதில் உறுப்புகள் ஒரே துண்டில் இருந்தபோதிலும் அவற்றை இணைத்த கம்பிகள் கையால் பொருத்தப்பட்டவை. அடுத்த ஆண்டு ஃபேர்சைல்டு நிறுவனத்தின் ராபர்ட் நாய்ஸ், சிலிக்கனின் மேல் ஆக்சைடு படலம் அமைத்து அதன்மேல் உலோகத் தடங்களைப் படியச்செய்யும் முறையை முன்வைத்தார். டிரான்சிஸ்டர்களைப் போலவே கம்பிகளையும் அச்சடிப்பதுபோல் ஒரே நேரத்தில் உருவாக்க இது வழிவகுத்தது. சில்லுத் தொழில் வளர்ந்ததற்கு இக்கம்பி முறை ஒரு முதன்மைக் காரணம். அடுத்த முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கம்பி என்பது சிலிக்கன் ஆக்சைடின் மேல் ஓடும் அலுமினியத் தடமாகவே இருந்தது.

தாமதம் எப்படி உண்டாகிறது

கம்பியில் மின்சாரம் ஒளியின் வேகத்தில் பாய்கிறது, எனவே தாமதமே இராது என்று தோன்றலாம். சிலிக்கன் ஆக்சைடுக்குள் மின்காந்த அலை 1 நானோநொடியில் ஏறத்தாழ 15 செ.மீ. செல்லும். 10 மி.மீ. நீளமுள்ள கம்பியைக் கடக்க அதற்கு 70 பைக்கோநொடிகூட ஆகாது. (ஒரு நானோநொடி என்பது நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு, ஒரு பைக்கோநொடி என்பது லட்சம் கோடியில் ஒரு பங்கு.) ஆனால் சில்லினுள் உள்ள மெல்லிய கம்பியில் உண்மையான தாமதம் இதைவிட நூறு மடங்குகூட இருக்கலாம். காரணம், கம்பிக்கு மின்தடையும் மின்தேக்குத்திறனும் உண்டு.

கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. ஏரியிலிருந்து மதகுகள் வழியாகக் காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் பகுதி வயல்களுக்குப் பிரிகிறது. காய்ந்து கிடக்கும் வாய்க்காலில் முதல் தண்ணீர் விடும்போது கடைமடைக்கு அது வந்து சேர ஏன் அவ்வளவு நேரமாகிறது என்பது உழவர்களுக்குத் தெரியும். வாய்க்கால் குறுகலாகவும் மேடு பள்ளமாகவும் இருந்தால் ஓட்டம் தடைபடும். இது மின்தடைக்கு ஒப்பு. போகும் வழியெல்லாம் மண் தண்ணீரைக் குடித்து நிரம்பிய பிறகே அடுத்த அடிக்குத் தண்ணீர் நகரும். இது மின்தேக்குத்திறனுக்கு ஒப்பு. கம்பியும் இப்படித்தான். தன் நீளம் முழுவதும் மின்னூட்டத்தால் நிரம்பி, கடைசி முனையில் மின்னழுத்தம் போதிய அளவு உயர்ந்த பிறகே அங்குள்ள டிரான்சிஸ்டர் '0' என்பதிலிருந்து '1' என்பதற்கு மாறும்.

வாய்க்காலின் நீளம் இரட்டித்தால், தடையும் இரட்டிக்கிறது, குடிக்கும் மண்ணும் இரட்டிக்கிறது. ஆகவே கம்பியின் தாமதம் இரண்டு மடங்காகாமல் நான்கு மடங்காகிறது. நீளத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்தில் தாமதம் வளர்கிறது என்பதே இத்துறையின் மைய விதி. கணக்கிடும்போது, கம்பியின் மொத்த மின்தடையையும் மொத்த மின்தேக்குத்திறனையும் பெருக்கி 0.38ஆல் பெருக்கினால், மின்னழுத்தம் பாதியளவு உயர ஆகும் நேரம் கிடைக்கும். கிளைகள் உள்ள கம்பிகளின் தாமதத்தை விரைவாக மதிப்பிட, டபிள்யூ. சி. எல்மோர் 1948ஆம் ஆண்டில் பெருக்கிச் சுற்றுகளுக்காகத் தந்த சூத்திரம் சில்லு வடிவமைப்பில் இன்றும் பயன்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு மெல்லிய கம்பியின் மின்தடை மி.மீ.க்கு 1,000 ஓம் என்றும், மின்தேக்குத்திறன் மி.மீ.க்கு 0.2 பைக்கோஃபாரடு என்றும் கொள்வோம்.

- 1 மி.மீ. நீளத்துக்குத் தாமதம்: 0.38 × 1,000 × 0.2 = 76 பைக்கோநொடி.
- 10 மி.மீ. நீளத்துக்குத் தாமதம்: அதன் நூறு மடங்கு, அதாவது 7,600 பைக்கோநொடி அல்லது 7.6 நானோநொடி.

1 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் செயலியின் ஒரு கடிகாரத் துடிப்பு 1 நானோநொடி மட்டுமே. சில்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு விடை போய்ச் சேர்வதற்குள் ஏழு துடிப்புகள் கடந்துவிடும்.

டிரான்சிஸ்டர் சிறுத்தால் கம்பி ஏன் மெதுவாகிறது

டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் அது வேகமாக இயங்கும். கம்பியைச் சிறிதாக்கினால் நிலைமை நேர்மாறு. அகலமும் தடிமனும் பாதியானால் குறுக்குவெட்டுப் பரப்பு கால் பங்காகி, அதே நீளத்துக்கு மின்தடை நான்கு மடங்காகிறது. அருகருகே உள்ள கம்பிகளின் இடைவெளியும் குறைவதால் மின்தேக்குத்திறன் பெரிதாகக் குறைவதில்லை. அண்டை டிரான்சிஸ்டர்களை இணைக்கும் குறுங்கம்பிகளில் நீளமும் சேர்ந்தே சுருங்குவதால் பாதிப்பு குறைவு. ஆனால் சில்லின் பரப்பு சுருங்குவதில்லை. மிஞ்சிய இடத்தில் மேலும் பல பகுதிகள் சேர்க்கப்படுகின்றன. எனவே தொலைவிலுள்ள பகுதிகளை இணைக்கும் நெடுங்கம்பிகள் நீளம் குறையாமலே மெலிகின்றன.

இதைத் தமிழ்நாட்டில் உருவான சக்தி செயலிகளைக் கொண்டு புரிந்துகொள்ளலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் வி. காமகோடி தலைமையில், ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த கட்டளைத் தொகுப்பின் அடிப்படையில் இவை வடிவமைக்கப்பட்டன. 2018ஆம் ஆண்டில் இத்திட்டத்தின் சில்லு ஒன்று அமெரிக்காவின் ஓரிகனில் உள்ள இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் செய்யப்பட்டது. அதே ஆண்டில் இன்னொன்று சண்டிகரில் உள்ள செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் செய்யப்பட்டது. 2020ஆம் ஆண்டில் வெளிவந்த மௌஷிக் சில்லும் சண்டிகரில் செய்யப்பட்டதே. 180 நானோமீட்டர் தலைமுறையில் டிரான்சிஸ்டர் மெதுவானது, கம்பி ஒப்பளவில் தடிமனானது. அங்கு தருக்கச் சுற்றின் தாமதத்தைக் குறைப்பதே வடிவமைப்பாளரின் முதல் வேலை. 22 நானோமீட்டரில் டிரான்சிஸ்டர் பன்மடங்கு வேகமானது, கம்பியோ மெலிந்தது. அங்கு எந்தப் பகுதியை எதன் அருகில் வைப்பது என்பதே முதல் கேள்வியாகிவிடுகிறது. ஒரே கட்டளைத் தொகுப்பைப் பின்பற்றும் செயலிகளுக்கும், செய்யப்படும் ஆலையைப் பொறுத்துச் சிக்கல் இடம் மாறுகிறது.

தாமதத்தைக் குறைக்கும் வழிகள்

பொருளை மாற்றுதல்: அலுமினியத்தின் தன்மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். 1997ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் அலுமினியத்துக்குப் பதிலாகச் செம்பைப் பயன்படுத்தும் முறையை அறிவித்தது. செம்பை அலுமினியம்போல அரித்து வடிவமைப்பது கடினம். எனவே மின்காப்புப் படலத்தில் முதலில் பள்ளம் வெட்டி, அதில் செம்பை நிரப்பி, மேற்பரப்பை மெருகிட்டுச் சமப்படுத்துகிறார்கள். செம்பு அணுக்கள் சிலிக்கனுக்குள் ஊடுருவினால் டிரான்சிஸ்டர் கெட்டுவிடும். அதைத் தடுக்கப் பள்ளத்தின் சுவரில் டான்டலம் போன்ற உலோகத்தால் தடுப்புப் படலம் இடப்படுகிறது. கம்பிகளுக்கு இடையிலுள்ள பொருளும் மாறியது. சிலிக்கன் ஆக்சைடின் ஒப்புமை விடுதிறன் ஏறத்தாழ 3.9. கார்பன் கலந்த ஆக்சைடில் இது 3 அல்லது அதற்கும் கீழ். விடுதிறன் குறைந்தால் மின்தேக்குத்திறனும் குறையும். இன்டெல் தனது 14 நானோமீட்டர் சில்லுகளில், சில அடுக்குகளில் கம்பிகளுக்கு இடையே வெறும் காற்று இடைவெளியையே விட்டது.

செம்புக்கும் எல்லை உண்டு. அறை வெப்பநிலையில் செம்பினுள் ஓர் எலெக்ட்ரான் மோதாமல் செல்லும் சராசரித் தொலைவு ஏறத்தாழ 40 நானோமீட்டர். கம்பி அதைவிடக் குறுகினால் எலெக்ட்ரான்கள் சுவர்களில் மோதிச் சிதறும், தன்மின்தடை உயரும். தடுப்புப் படலமும் இருக்கிற இடத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். ஆகவே மிகக் குறுகிய கீழ் அடுக்குகளில் கோபால்ட்டை இன்டெல் பயன்படுத்தியது. ருத்தேனியம் போன்ற உலோகங்களும் ஆராயப்படுகின்றன.

அடுக்குகளைத் தரம் பிரித்தல்: தெரு, மாவட்டச் சாலை, தேசிய நெடுஞ்சாலை என்று சாலைகள் பிரிந்திருப்பதுபோல், கீழ் அடுக்குகளில் மெல்லிய குறுங்கம்பிகளும் மேல் அடுக்குகளில் தடித்த நெடுங்கம்பிகளும் அமைகின்றன. மேலே சொன்ன 10 மி.மீ. கம்பியின் அகலம், தடிமன், இடைவெளி ஆகியவற்றை இரட்டித்தால், மின்தடை கால் பங்காகிறது, மின்தேக்குத்திறன் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. தாமதம் 7.6 நானோநொடியிலிருந்து 1.9 நானோநொடியாகக் குறைகிறது. ஆனால் தடித்த கம்பிகள் குறைவாகவே பிடிக்கும். எல்லாச் சமிக்ஞைகளையும் நெடுஞ்சாலையில் ஏற்ற முடியாது.

ரிப்பீட்டர்களை இடுதல்: நீண்ட கம்பியைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ஒரு சிறு பெருக்கியை வைத்தால், அது தளர்ந்து வரும் சமிக்ஞையைப் புதிதாக உயர்த்தி அடுத்த துண்டுக்கு அனுப்பும். இதற்கு ரிப்பீட்டர் என்று பெயர். வர்க்க விதியின் பிடி இங்கே தளர்கிறது. தாமதம் நீளத்துக்கு நேர் விகிதத்தில் மட்டுமே வளரும். ஒரு ரிப்பீட்டரின் தாமதம் 20 பைக்கோநொடி என்று கொண்டால், அதே மெல்லிய 10 மி.மீ. கம்பிக்குக் கணக்கு இப்படி அமையும்:

- 10 துண்டுகள்: கம்பிக்கு 760, ரிப்பீட்டர்களுக்கு 200, மொத்தம் 960 பைக்கோநொடி.
- 20 துண்டுகள்: கம்பிக்கு 380, ரிப்பீட்டர்களுக்கு 400, மொத்தம் 780 பைக்கோநொடி.
- 40 துண்டுகள்: கம்பிக்கு 190, ரிப்பீட்டர்களுக்கு 800, மொத்தம் 990 பைக்கோநொடி.

கடலூர் துறைமுகம் சந்திப்பிலிருந்து சிதம்பரம் செல்லும் பயணிகள் ரயில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று நின்று செல்கிறது. நிறுத்தம் ஒவ்வொன்றும் சிறிது நேரத்தை எடுத்துக்கொள்ளும். ரிப்பீட்டர்களும் அப்படியே. அளவுக்கு மிஞ்சினால் அவையே தாமதமாகிவிடும். கம்பிக்கு ஆகும் நேரமும் ரிப்பீட்டர்களுக்கு ஆகும் நேரமும் ஏறத்தாழச் சமமாகும் இடத்தில் மொத்தத் தாமதம் மிகக் குறைவாக இருக்கும்.

துடிப்புகளாகப் பிரித்தல்: ரிப்பீட்டர் இட்ட பிறகும் ஒரு துடிப்புக்குள் கடக்க முடியாத தொலைவு என்றால், நடுவே பதிவகங்களை வைத்து, பயணத்தை இரண்டு மூன்று துடிப்புகளாகப் பிரிப்பார்கள். ஒரு தகவல் சேர ஆகும் நேரம் இதனால் குறையாது. ஆனால் முதல் தகவல் பாதி வழியில் இருக்கும்போதே இரண்டாவது தகவல் புறப்பட்டுவிடும். ஒரு ரயில் பரங்கிப்பேட்டையைத் தாண்டிய பிறகு அடுத்த ரயிலைக் கடலூரிலிருந்து விடுவது போன்றது இது.

அண்டைக் கம்பியின் குறுக்கீட்டைத் தடுத்தல்: அருகருகே ஓடும் இரு கம்பிகளில் ஒன்று '0' என்பதிலிருந்து '1'க்கும், மற்றது '1' என்பதிலிருந்து '0'க்கும் ஒரே நேரத்தில் மாறினால், அவற்றுக்கு இடையிலுள்ள மின்தேக்குத்திறன் இரட்டிப்பானது போலச் செயல்படும். இரண்டும் ஒரே திசையில் மாறினால் அது இல்லாதது போலாகும். ஆகவே ஒரே கம்பியின் தாமதம் அண்டையாரைப் பொறுத்துக் கூடும், குறையும். முக்கியச் சமிக்ஞைகளுக்கு இடையே கூடுதல் இடைவெளி விடுவதும், நடுவே நிலமுனையுடன் இணைந்த கம்பி ஒன்றைக் காவலாக ஓடவிடுவதும் இதற்குத் தீர்வு.

கம்பிச் சிக்கலைக் குறைத்தல்

தாமதம் ஒரு கம்பியின் பிரச்சினை. சிக்கல் என்பது கம்பிகளின் எண்ணிக்கையால் வருவது. ஒரு சில்லில் 16 செயலிக் கோர்கள் இருந்து, ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் நேரடியாக இணைத்தால் 120 இணைப்புகள் தேவை. கோர்கள் 64 ஆனால் 2,016 இணைப்புகள். ஒவ்வோர் இணைப்பும் 64 அல்லது 128 கம்பிகள் கொண்ட கற்றை. இதற்கு இடமும் போதாது, மின்சாரமும் போதாது.

எல்லாக் கோர்களையும் ஒரே பொதுத் தடத்தில் இணைப்பது எளிய மாற்று வழி. கணினித் துறையில் இது பஸ் எனப்படும். கம்பிகள் குறையும். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவரே பேச முடியும். கோர்கள் கூடக்கூடக் காத்திருப்பும் கூடும். தடம் நீள்வதால் அதன் மின்தேக்குத்திறனும் கூடும்.

2001ஆம் ஆண்டில் வில்லியம் டாலி, பிரையன் டவுல்ஸ் ஆகிய இருவரும் வேறொரு வழியை முன்வைத்தனர். கோர்களுக்கு இடையே தனித்தனிக் கம்பி இழுப்பதற்குப் பதிலாக, தகவலைப் பொட்டலங்களாக்கி, சில்லுக்குள்ளேயே அமைந்த ஒரு வலையமைப்பின் வழியே அனுப்பலாம் என்பது அவர்களின் கருத்து. ஒவ்வொரு கோரின் அருகிலும் ஒரு ரவுட்டர் இருக்கும். அது தன் நான்கு திசை அண்டை ரவுட்டர்களோடு மட்டும் குறுங்கம்பிகளால் இணைந்திருக்கும். கடலூர் துறைமுகம் சந்திப்பில் விழுப்புரம், விருத்தாசலம், மயிலாடுதுறை ஆகிய மூன்று திசைகளுக்கும் பாதைகள் பிரிகின்றன. திருச்சி செல்லும் வண்டியானாலும் அச்சந்திப்பு தீர்மானிக்க வேண்டியது அடுத்து எந்தப் பாதை என்பதை மட்டுமே. ரவுட்டரின் வேலையும் அவ்வளவுதான்.

16 கோர்களை 4×4 கட்டங்களாக அமைத்தால் 24 இணைப்புகள் போதும். 64 கோர்களுக்கு 8×8 அமைப்பில் 112 போதும். ஒவ்வோர் இணைப்பும் குறுகியது, ஒரே அளவானது. எனவே அதன் தாமதத்தை வடிவமைப்பாளர் முன்கூட்டியே அறிந்துகொள்ள முடியும். இதற்கு விலையும் உண்டு. 8×8 அமைப்பில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு 14 தாவல்கள். தாவல் ஒவ்வொன்றிலும் ரவுட்டர் சிறிது நேரம் எடுத்துக்கொள்ளும். ஓரங்களை வளைத்து எதிர் ஓரங்களோடு இணைத்தால் இணைப்புகள் 128 ஆகக் கூடும், ஆனால் அதிகபட்சத் தாவல்கள் 8 ஆகக் குறையும்.

வலையமைப்பில் இன்னோர் ஆபத்தும் உண்டு. சிதம்பரம் நடராசர் கோயிலைச் சுற்றிக் கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி என நான்கு தேர் வீதிகள் ஒரு மூடிய சதுரமாக அமைந்துள்ளன. நான்கு வீதிகளிலும் வண்டிகள் நிறைந்து, ஒவ்வொரு வீதியின் தலைவண்டியும் அடுத்த வீதியில் திரும்பக் காத்திருந்தால், எந்த வண்டியும் அசையாது. ரவுட்டர்களிலும் பொட்டலங்கள் இப்படி ஒன்றுக்கொன்று காத்து நிரந்தரமாக முடங்கக்கூடும். இதைத் தவிர்க்க எளிய விதி ஒன்று உண்டு. எல்லாப் பொட்டலங்களும் முதலில் கிழக்கு–மேற்காகப் போக வேண்டிய தூரத்தை முடித்துவிட்டு, அதன் பிறகே வடக்கு–தெற்காகத் திரும்ப வேண்டும். வடக்கு–தெற்கிலிருந்து மீண்டும் கிழக்கு–மேற்குக்குத் திரும்பத் தடை. இத்தடையால் காத்திருப்பின் சுற்று ஒருபோதும் மூடிக்கொள்ளாது.

இன்டெல் நிறுவனம் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட 80 கோர் ஆய்வுச் சில்லு இக்கருத்தைப் பெரிய அளவில் செய்து காட்டியது. 8×10 கட்டங்களாக அமைந்த அதன் வடிவமைப்பில் பெங்களூருப் பொறியாளர்களும் பங்கேற்றனர். அச்சில்லில் ஒவ்வொரு கட்டத்தின் மின்செலவிலும் கால் பங்குக்கும் மேல் தகவல் தொடர்புக்கே சென்றது. கம்பியைக் குறைப்பதற்கும் மின்சாரம் செலவாகும் என்பதற்கு இது சான்று.

வேறு இரண்டு வழிகளும் நடைமுறையில் உள்ளன. ஒன்று, சில்லுகளை மாடிபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சிலிக்கனைத் துளைத்துச் செல்லும் செங்குத்துக் கம்பிகளால் இணைப்பது. பல மி.மீ. கிடைத்தொலைவு இதனால் நூறு மைக்ரோமீட்டருக்கும் குறைவான செங்குத்துத் தொலைவாகிறது. ஆனால் நடு அடுக்குகளின் வெப்பத்தை வெளியேற்றுவது கடினம். மற்றொன்று, மின்வழங்கல் கம்பிகளைச் சில்லின் பின்பக்கத்துக்கு மாற்றி, முன்பக்கத்தைச் சமிக்ஞைகளுக்கு விட்டுவிடுவது. அங்காடித் தெருவிலிருந்து சரக்கு வண்டிகளைப் பின்தெருவுக்கு மாற்றுவது போன்ற ஏற்பாடு இது.

எதை எப்போது தேர்வது

மேற்கண்ட எந்த வழியும் இலவசமாகக் கிடைப்பதில்லை. தடித்த கம்பி இடத்தை எடுக்கும். ரிப்பீட்டர் இடத்தையும் மின்சாரத்தையும் எடுக்கும். பதிவகம் துடிப்புகளைக் கூட்டும். ரவுட்டர் தாவல்களைக் கூட்டும். எனவே நடைமுறையில் வடிவமைப்பாளர்கள் பின்வரும் வரிசையைப் பின்பற்றுவது நல்லது:

1. அடிக்கடி பேசிக்கொள்ளும் பகுதிகளை அருகருகே வைத்தல். நீளம் பாதியானால் தாமதம் கால் பங்காகும் என்பதால் இதுவே மிக மலிவான தீர்வு.
2. தவிர்க்க முடியாத நெடுங்கம்பிகளை மேல் அடுக்குக்கு மாற்றுதல்.
3. போதாதபோது ரிப்பீட்டர்களையும், அதன் பிறகு பதிவகங்களையும் இடுதல்.
4. பகுதிகள் பத்துக்கும் மேல் பெருகும்போது பொதுத் தடத்தை விட்டு வலையமைப்புக்கு மாறுதல்.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு

சில்லு ஆலை அருகில் இல்லாவிட்டாலும் இத்துறையைக் கற்கத் தடையில்லை. இந்திய அரசு 2022ஆம் ஆண்டில் தொடங்கிய 'சிப்ஸ் டு ஸ்டார்ட்அப்' திட்டம் 85,000 பொறியாளர்களுக்குச் சில்லு வடிவமைப்பில் பயிற்சியளிப்பதை இலக்காகக் கொண்டது. 2020ஆம் ஆண்டில் கூகுளும் ஸ்கைவாட்டர் நிறுவனமும் 130 நானோமீட்டர் தொழில்நுட்பத்தின் வடிவமைப்பு விதிகளைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டன. ஓப்பன்ரோடு, மேஜிக் முதலிய மென்பொருள்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. சக்தி செயலிகளின் மூலநிரலும் திறந்த நிலையிலேயே உள்ளது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலோ கடலூரில் உள்ள ஒரு கல்லூரியிலோ மின்னணுவியல் படிக்கும் மாணவர், தன் மடிக்கணினியிலேயே ஒரு சிறு செயலியின் கம்பிகளை இழுத்துப் பார்க்கலாம். எந்தக் கம்பி துடிப்புக்குள் சேரவில்லை என்பதை மென்பொருள் பட்டியலிட்டுக் காட்டும். அப்பட்டியலின் முதல் கம்பியை எடுத்து, அதன் இரு முனைகளிலும் உள்ள பகுதிகளை நெருக்கி வைத்துவிட்டு மறுபடி இயக்கினால், வர்க்க விதியின் வலிமையைத் தானே கண்டறியலாம்.